தவசிக்கு நான் நின்ற ஜாமீன்

உட்காருங்கள் தம்பி. அந்தக் கல் சுடும். இப்படி வேப்ப நிழலுக்கு வந்துவிடுங்கள். உள்ளே இருக்கிறவரைப் பார்க்க மனு கொடுத்துவிட்டீர்களா? கொடுத்த உடனே கூப்பிட மாட்டார்கள். வார்டர் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டு, அதைத் துப்பிவிட்டு வந்துதான் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். சப்ஜெயில் என்றால் அப்படித்தான். எனக்குப் பழகிவிட்டது.

யாரைப் பார்க்க வந்தீர்கள்? அண்ணனா? சரி. ஜாமீன் ஆர்டர் ஆகிவிட்டதா? இரண்டு ஆள் கொண்டுவா என்று வக்கீல் சொல்லியிருப்பார். தலையை ஆட்டுகிறீர்கள். அப்படியென்றால் சரியான ஆள் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பஞ்சு மார்க்கெட்டில் மூட்டை தூக்கி முதுகு போனவன். ஆனால் ஜாமீன் என்றால் என்னவென்று பட்டுத் தெரிந்துகொண்டவன்.

இந்தச் சுவருக்குள்ளே என் மச்சினன் தவசி இருக்கிறான். என் பெண்டாட்டி ஆவுடைத்தங்கத்தின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு ஜாமீன் நிற்க நான் தயார். பத்திரம் இதோ என் பைக்குள் இருக்கிறது. கோர்ட்டும் தயார். அவன் ஒருவன்தான் வேண்டாம் என்கிறான். உள்ளேயே இருந்துகொள்கிறேன் என்கிறான். அவன் வெளியே வந்தால்தான் என் பெண்டாட்டி என் வீட்டுக்கு வருவாள். அதுவரைக்கும் தம்பி வீட்டில்தான் இருப்பேன் என்று போய்விட்டாள். வாராவாரம் வந்து மனு போடுகிறேன். வாராவாரம் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறான். இன்றைக்கு வருவானோ என்னவோ.

நான் அவனுக்குக் கெட்டது செய்தேனா? நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் அவன் எனக்குச் செய்ததைக் கேளுங்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தவசி வீடு கட்டிப் பால் காய்ச்சினான். எனக்குப் போனில் சொன்னான். நான் அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை. வெற்றிலை பாக்குத் தட்டோடு என் வாசலில் வந்து நின்று கூப்பிட வேண்டியவன், போனில் சொன்னான். பெண்டாட்டி கண்ணைக் கசக்கினாள் என்று போனேன். போனால், அவன் வேலை பார்த்த மில்லின் மேனேஜரையும் சூப்பர்வைசரையும் முதல் பந்தியில் உட்கார வைத்தான். நானும் இலை பார்த்து உட்காரப் போனேன். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், அவுங்க டூட்டிக்குப் போகணும். நீங்க நம்ம வீட்டு ஆளு. அடுத்த பந்தில ஆற அமர உக்காருங்க" என்றான்.

நம்ம வீட்டு ஆளாம். நம்ம வீட்டு ஆள் என்றால் ஊரார் பார்க்க இலையிலிருந்து எழுப்பலாமா? நான் கையை உதறிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுத் தண்ணீர்கூட என் நாக்கில் பட்டதில்லை.

அந்த மேனேஜர்தான் தம்பி, பின்னால் இவன் மேல் புகார் கொடுத்தார். தவசி கழிவுப்பஞ்சுக் குடோனில் எடை போடுகிறவன். சில பேல், அதாவது கட்டிவைத்த பஞ்சுப் பொதி, குறைந்துவிட்டதாம். மூன்று பேர் மேல் எழுதிக் கொடுத்தார். மூன்று பேரையும் பிடித்து இங்கே கொண்டுவந்து போட்டார்கள். இவன் எடுத்திருக்க மாட்டான். அது எனக்கும் தெரியும். இவனுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. முதல் பந்தியில் உட்கார வைத்து லட்டு வைத்தானே, அந்த ஆள் காப்பாற்றினாரா என்று என் பெண்டாட்டியிடம் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டேன்.

ஜாமீன் ஆர்டர் வந்தது. அவர்களுடைய வக்கீல் ரெஜினா என்று ஒரு அம்மா. நல்ல அம்மா. இரண்டு ஆள் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். ரத்த உறவுக்கு அவன் பெரியப்பா மகன் ஒருவன் வந்துவிட்டான். இன்னொருவருக்குத்தான் ஆள் இல்லை. கோர்ட் என்றதும் அவனோடு டீ குடித்தவனெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கடைசியில் என்னிடம் வந்தார்கள். வரட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

சும்மா வந்து கேட்டால் நான் சரி என்பேனா? முறையாகக் கேட்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். தவசி பெண்டாட்டி சீனியம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். தலை கூடச் சீவவில்லை. "அண்ணே, அவுங்களுக்கு ஜாமீன் நிக்கணும்" என்றாள். தெருவே பார்த்தது. தட்டை வாங்கிக்கொண்டேன். ஆவுடைத்தங்கம் அடுப்படியில் இருந்து வெளியே வரவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க வேண்டாமா? அவளுக்கு எப்போதும் உபசரிப்புத் தெரியாது.

ஜாமீனுக்குச் சும்மா ஆள் போய் நின்றால் போதாது தம்பி. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, போட்டோ, வி.ஏ.ஓ. சான்று. இவ்வளவு தொகைக்கு இவர் தாங்குவார் என்று காட்ட வேண்டும். என் வீடு இன்னும் செத்துப்போன என் அப்பா பேரில் இருக்கிறது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கவில்லை. எவனும் கையெழுத்துப் போட மாட்டான், அவனுகளைப் பற்றி ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். வி.ஏ.ஓ. முடியாது என்றுவிட்டார். அப்போது வக்கீலம்மா கேட்டார்கள், "சர்க்கார் பத்திரம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? போஸ்ட் ஆபீஸ் சேமிப்புப் பத்திரம் மாதிரி? அதை வச்சுப் பாப்போம்."

இருந்தது. மார்க்கெட்டில் என் கணக்கை முடித்துக் கொடுத்தபோது வந்ததை, கையில் இருந்தால் கரைந்துவிடும் என்று ஆவுடைத்தங்கம் என்னைப் போஸ்ட் ஆபீசுக்கு இழுத்துப்போய்ப் பத்திரமாக வாங்க வைத்தாள். அதுதான் எங்களுக்குக் கடைசிக் காலத்துக்கு இருப்பது. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

போஸ்ட்மாஸ்டர் அம்மாவிடம் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். "பெரியவரே, இதை அஞ்சு வருசத்துக்கு முன்னாடி மூணு வழியிலதான் உடைக்க முடியும். நீங்க சாகணும். இல்ல, கோர்ட்டு உத்தரவு போடணும். இல்ல, அடமானம் வாங்கினவுங்க பறிமுதல் பண்ணணும். யோசிச்சுக்கோங்க."

"கோர்ட்டுக்கேதாம்மா அடமானம் வைக்கப் போறேன்."

"அப்ப ரெண்டு வழியும் ஒரே வாசலுக்கு வந்துருச்சு. நீங்க சாகாம பாத்துக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது தம்பி. பத்திரம் என்பதில் இரண்டு வகை. ஒன்று, சர்க்கார் நமக்கு எழுதிக் கொடுப்பது. உன் காசு என்னிடம் இருக்கிறது, நீ தூங்கு, நான் வளர்த்துத் திருப்பித் தருகிறேன் என்று. இன்னொன்று, நாம் சர்க்காருக்கு எழுதிக் கொடுப்பது. இந்த ஆள் என்னிடம் இருக்கிறான், நீ கூப்பிடும்போது திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று. முதல் வகையில் நமக்குப் பயமில்லை. இரண்டாவதில் வாக்கு நம்முடையது, கால் இன்னொருவனுடையது. அந்தக் கால் எந்தப் பக்கம் நடக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். ஜட்ஜ் ஐயா சின்ன வயசு. என் மகன் இருந்திருந்தால் அந்த வயசு இருக்கும். "இவரு வாய்தாவுக்கு ஒழுங்கா வரணும். வரலைன்னா நீங்கதான் பொறுப்பு. தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் ஐயா என்றேன். அவ்வளவு பேர் மத்தியில் சர்க்கார் ஒரு மனுசனைத் தூக்கி என் கையில் கொடுத்தது தம்பி. என் வாழ்க்கையில் எவனும் என்னை நம்பி ஒரு ஆட்டைக்கூடக் கொடுத்ததில்லை.

இதே வாசல் வழியாகத்தான் வெளியே வந்தான். இளைத்திருந்தான். "அத்தான்" என்று என் காலைத் தொடக் குனிந்தான். தொடட்டும் என்று நின்றேன். எழுந்தபோது கண் கலங்கியிருந்தான். "ஒங்கள மறக்க மாட்டேன் அத்தான்" என்றான். "அது கெடக்கட்டும். பந்தி விசயத்தப் பொறவு பேசுவோம்" என்றேன். அவனுக்கு முதலில் எந்தப் பந்தி என்றே ஞாபகம் வரவில்லை. பாருங்கள்.

தினமும் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று கண்டிஷன். நான் கூடவே போனேன். அவன் வர வேண்டாம் என்றுதான் சொன்னான். நான் விடவில்லை. பத்திரம் யாருடையது? ரைட்டர் மேசைக்கு எதிரே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவன் போட்டு முடித்ததும் எழுந்து போய், கையெழுத்து சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்ப்பேன். "என்ன பெரியவரே, இன்னைக்கு அக்யூஸ்டு சரியா வந்துட்டானா" என்று ரைட்டரே என்னிடம்தான் கேட்பார். அவ்வளவு மரியாதை. திரும்பி வருகிற வழியில் யாராவது எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டால், தவசி தலையைக் குனிந்துகொள்வான். பதில் சொல்ல வேண்டியது நான்தானே? "ஸ்டேசனுக்கு. என் ஜாமீன்லதான் இருக்கான்" என்பேன். உள்ளதைத்தானே சொன்னேன்.

அப்புறம் அவனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை அமைந்தது. வக்கீலம்மா கண்டிஷனைத் தளர்த்தி வாங்கிவிட்டார்கள், வாய்தாவுக்கு மட்டும் வந்தால் போதும். பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். நான் விடவில்லை. "கோர்ட்டு விட்டா போதுமா? ஜாமீன் நிக்கிறவன் விட வேண்டாமா?" என்று கேட்டேன். அவன் அரைமணி நேரம் நின்றான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் போனான். அந்த மட்டுக்கும் நல்லவன்.

உள்ளூரிலேயே ஒரு எண்ணெய் மில்லில் எடை போடச் சேர்ந்தான். எண்ணெய் மில் முதலாளி எனக்கு மார்க்கெட்டில் தெரிந்தவர். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், இருளப்பா, உனக்குத் தெரிந்தும் எனக்குச் சொல்லவில்லையே என்று கேட்பாரா மாட்டாரா? போய்ச் சொன்னேன். "மொதலாளி, பயல் என் ஜாமீன்ல இருக்கான். அங்கிட்டு இங்கிட்டுப் போனா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றேன். அவ்வளவுதான். மறுவாரம் அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அது அந்த முதலாளியின் குணம். அதற்கு நான் என்ன செய்ய?

என்ன தம்பி, ஒரு மாதிரிப் பார்க்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா? பாட்டில் இருக்கிறது, குடியுங்கள்.

ஒரு கல்யாணம். எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். அங்கே நான் முதல் பந்தி, அவன் எனக்கு எதிர் வரிசை. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை வாய்தா என்று சட்டென்று ஞாபகம் வந்தது. மேளச் சத்தம் வேறு. "தவசி, வெள்ளிக்கெழம வாய்தா. ஞாபகம் இருக்கா?" என்று கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். மெதுவாகச் சொன்னால் காதில் விழ வேண்டுமே. மேளக்காரர்கள் அந்த நேரம் பார்த்து நிறுத்திவிட்டார்கள். பந்தி முழுக்க இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் இலையை மூடாமல் எழுந்தான். கையைக்கூடக் கழுவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மகளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சாப்பாட்டுக்கு மரியாதை இல்லாத பயல்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் கோர்ட்டுக்கு வரவில்லை.

நான் விடியற்காலையிலேயே அவன் வீட்டுக்குப் போனேன். சீனியம்மாள் கதவைப் பாதி திறந்து, "ராத்திரியே போயிட்டாங்க. எங்கன்னு எனக்குச் சொல்லல" என்றாள். கோர்ட்டில் டவாலி அவன் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். நான் வராந்தாவில் நின்று ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாண்டு ரோட்டைப் பார்த்தேன். வாரண்டு போட்டார்கள். எனக்கு நோட்டீஸ் வந்தது. ஆளைக் கொண்டுவா, இல்லையென்றால் உன் பத்திரத்தை ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று வந்து சொல்.

அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே. திருப்பூர் போனேன். ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்று, நெட்டையாக, காதோரம் நரைத்து, எடை போடுகிற ஆள் என்று கேட்டேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள். கோவில்பட்டியில் அவன் சகலை வீட்டுக்குப் போனேன். நாயை அவிழ்த்துவிட்டார்கள். வக்கீலம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். "இந்தக் கேசே நிக்காதும்மா, சீக்கிரம் விடுதலை ஆயிரும்னு நீங்கதான சொன்னீங்க. அப்பொறம் எதுக்கு ஓடினான்?" என்று கேட்டேன். அந்த அம்மா பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, "அவரு கேசுக்குப் பயந்து ஓடலய்யா" என்றார்கள். வேறு எதற்கு என்று கேட்டேன். அடுத்த கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தார்கள். படித்தவர்களே இப்படித்தான், பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

வீட்டில் ஆவுடைத்தங்கம் இருக்கிறாளே. நம் கடைசிக் காலத்துக்கு இருந்தது போகப் போகிறதே என்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டுமே. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

நோட்டீசில் போட்டிருந்த தேதி வந்தது. நான் போய் வராந்தாவில் நின்றேன். ஜட்ஜ் ஐயா காலில் விழுந்துவிடுவது என்றுதான் போனேன். அவர் மேடை மேல் உட்கார்ந்திருக்கிறார், கால் எங்கே தெரிகிறது. என் பேரைக் கூப்பிட இரண்டு கேஸ் இருக்கும்போது தவசி வந்தான். தானாக வந்தான். வக்கீலம்மா பின்னால் அமைதியாக நடந்து வந்து கூண்டில் ஏறி நின்றான். எனக்கு உயிர் வந்தது. "எங்கடா போன" என்று சத்தம் போட்டேன். டவாலி என்னை அடக்கினார்.

ஜட்ஜ் ஐயா திட்டினார். திட்டிவிட்டு, முதல் தடவை என்பதால் மன்னிக்கிறேன் என்றார். வாரண்டை ரத்து செய்கிறேன், பழைய ஜாமீனே தொடரட்டும் என்றார். எவ்வளவு பெரிய மனசு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தவசி, "வேண்டாங்கய்யா" என்றான்.

என்ன வேண்டாம் என்று ஜட்ஜ் ஐயா கேட்டார்.

"ஜாமீன் வேண்டாங்கய்யா. அவரு பத்திரத்த அவருகிட்டயே குடுத்துருங்க. அவரு மேல தப்பு இல்ல, நாந்தான் வரல. கேசு முடியிற வரைக்கும் நான் உள்ளயே இருந்துக்கிறேன்."

யோசித்துச் சொல், வேறு ஆளாவது கொண்டுவா என்று அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஆள் இல்லை ஐயா என்றான். போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போனார். என் பக்கத்தில்தான் தாண்டிப் போனான், என் வேட்டி உரசுகிற தூரத்தில். திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை பேர் மத்தியில், என்னை ஒரு வார்த்தை கலந்துகொள்ளாமல் என் ஜாமீனைத் தூக்கி எறிந்தான். அன்றைக்கு இலையிலிருந்து எழுப்பினான், இன்றைக்குக் கோர்ட்டில்.

பத்திரம் திரும்பி வந்துவிட்டது. ஒரு பைசா குறையவில்லை. அதைக் கொண்டுபோய் ஆவுடைத்தங்கத்திடம் நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"சீனி தனியா இருக்கா. தவசி வெளிய வந்ததும் வாரேன்."

"நான் என்ன செய்யணும்கிற? நான் தயாராத்தான இருக்கேன். அவந்தான வேண்டாங்கான்?"

அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "நேத்து மனுவுல பாத்தேன். ஏன்டா இப்படிப் பண்றன்னு கேட்டேன். 'உள்ள வார்டருக்காவது ஷிப்ட் மாறுதுக்கா'ன்னு சொன்னான்."

இதற்கு என்ன அர்த்தம் தம்பி? வார்டருக்கு ஷிப்ட் மாறாமல் என்ன செய்யும்? அவர்களும் மனுசர்கள்தானே. இதை ஒரு பதில் என்று இவள் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். எத்தனை ராத்திரி யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் ஆள் இல்லை. நானே பொங்கித் தின்கிறேன். உப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அவளைக் கூப்பிடப் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன். அவன் வரட்டும் என்று உள்ளேயிருந்தே சொன்னாள். அவனைக் கூப்பிட இங்கே வந்தால் இவன் வரமாட்டேன் என்கிறான். நான் எந்தப் பக்கம் போய் முட்டுவது?

இதோ, வார்டர் வந்துவிட்டார். இருங்கள், கேட்டுவிட்டு வருகிறேன்.

...

அதேதான். தவசி வரமாட்டானாம். "பெரியவரே, அக்கா வந்தா வரான், பொண்டாட்டி வந்தா வரான். ஒங்க பேரச் சொன்னா சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிறான். நான் தூக்கிட்டா வர முடியும்? உள்ள இருக்கறவனுக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒண்ணுதான், வரமாட்டேன்னு சொல்றது. விடுங்களேன்" என்கிறார். விட்டுவிட்டு நான் எங்கே போக?

தம்பி, உங்களைத்தான் அடுத்தது கூப்பிடுவார். ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் அண்ணனிடம் சொல்லி விடுங்கள். உள்ளே எல்லாரும் ஒரே கொட்டடிதான். தவசி என்று கேட்டால் காட்டுவார்கள். நெட்டையாக, காதோரம் நரைத்து இருப்பான். இருளப்பன் வந்திருக்கிறேன் என்று... இல்லை, என் பேரை முதலில் சொல்ல வேண்டாம். எழுந்து போய்விடுவான். வெளியே ஒருத்தர் இருக்கிறார் என்று சொன்னால் போதும்.

மறுபடியும் பத்திரத்தை வைக்கத் தயார் என்று சொல்லச் சொல்லுங்கள். நன்றி கின்றி ஒன்றும் இப்போது வேண்டாம், வெளியே வந்து நிதானமாகச் சொன்னால் போதும். பந்தி விஷயத்தைக்கூட நான் பேசப் போவதில்லை. அவனாக மன்னிப்புக் கேட்டால் சரி என்று விட்டுவிடுவேன். இனிமேல் ஸ்டேஷனுக்குள் வரமாட்டேன். சத்தியமாக வரமாட்டேன். எதிரே டீக்கடை இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். அங்கே உட்கார்ந்தாலே உள்ளே போவது, வருவது எல்லாம் நன்றாகத் தெரியும்.

இதைச் சொன்னால் வந்துவிடுவான் இல்லையா? வராமல் எப்படி இருப்பான்?

போங்கள், உங்கள் பேர்தான். பையை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். வேண்டாமா? சரி. எடுத்துக்கொண்டே போங்கள்.